பால் என்றால் எந்தப் பால்?

'பால்' என்னும் சொல்லுக்கு ஈழத்துச் சமையலறையில் இரு பொருள் உண்டு. பசு தருவதும் பால். தேங்காய்த் துருவலைப் பிழிந்து எடுப்பதும் பால். பின்னதே நமக்கு நெருக்கமானது. முதற்பால், இரண்டாம் பால் என்று அதற்கு வரிசையும் வகுத்து வைத்திருக்கின்றோம். பாற்சோறு, பாற்கறி, பாலப்பம் என்று நாம் பெயர் சொல்லி உண்ணும் பண்டங்கள் மாட்டுத் தொழுவத்தை அறியாதவை, தென்னந்தோப்பின் கொடைகள். சிங்கள மக்களிடத்தும் இதே கதைதான். அவர்களுடைய 'கிரிபத்' தேங்காய்ப் பாலில் வெந்த சோறு. ஆனால் 'கிரி' என்று தனியே சொன்னால் அது பசுப்பாலையும் குறிக்கும். அகராதி எழுதுவோருக்கு இது சுவையான செய்தி. பசுப்பால் சிறிது உள்ளே சென்றாலும் மூச்சுத் திணறிப் போகும் ஒரு பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் நிற்கும் பெற்றோருக்கோ இது வேறு வகையான செய்தி.

எமது மகள் அத்தகைய பிள்ளை. 7 மாதக் குழந்தையாக இருந்தபோது பால்மா கலந்த கூழை இரண்டு கரண்டி ஊட்டினோம். சில நிமிடங்களுக்குள் உதடு வீங்கிற்று. மார்பிலும் முதுகிலும் தடிப்புக்கள் எழுந்தன. வாந்தியெடுத்துத் துவண்டு போனாள். வைத்தியர்கள் காப்பாற்றித் தந்தார்கள். இவ்வாறு பால் ஒவ்வாத குழந்தைகளுட் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ அதனைக் கடந்துவிடுவர் என்று அவர்கள் அன்று கூறிய சொல்லை ஒவ்வொரு பிறந்தநாளிலும் நினைத்துக்கொள்வோம். அவள் கடக்கவில்லை. இப்பொழுது அவளுக்கு 15 வயது. வீட்டில் உண்பதில் இடர் ஏதுமில்லை. எமது அடுக்களையிற் பசுப்பால் நுழைந்து ஆண்டுகள் பலவாயின. இடர் முழுவதும் படலைக்கு வெளியே இருக்கிறது.

'அலர்ஜி' என்னும் மேனாட்டுச் சொல் மிகப் பழையதன்று. கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்ற வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் 1906 ஆம் ஆண்டில் ஆக்கி வழங்கியது. நாம் 'ஒவ்வாமை' என்கின்றோம். சொல் பிறக்கு முன்பே பொருள் இருந்தது. பண்டைக் கிரேக்க வைத்தியரான இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், பாற்கட்டியை வயிறார உண்டு வலிமை பெறுவோரும் உளர், அதனால் துன்புறுவோரும் உளர் என்ற கருத்துக் காணப்படுகின்றது. ஏன் அவ்வாறு என்பதைத்தான் பிற்காலத்தார் கண்டறிந்தனர். பாலிலுள்ள கேசீன் முதலிய புரதங்களைப் பகைவரென்று பிழையாக மதித்து உடலின் காவற்படை போர் தொடுக்கின்றது. அந்தப் போரில் வீடே தீப்பற்றிக்கொள்கின்றது.

இதனை வேறொரு குறைபாட்டுடன் நம்மவர் எந்நாளும் குழப்பிக்கொள்வர். பாலிலே இலற்றோசு என்னும் சருக்கரை உண்டு. அதனைச் செரிக்க வேண்டிய நொதியம் வளர்ந்தோர் பலருக்குக் குறைந்துவிடுகின்றது. நமது தெற்காசியப் பகுதியில் இஃது மிகச் சாதாரணம். அத்தகையோர் பால் குடித்தால் வயிறு ஊதும், இரையும், சில வேளை கழியும். துன்பந்தான், உயிருக்கு மோசமில்லை. ஆனால் இப்படி வயிறு ஊதும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பதே எமக்குப் பெருந்தொல்லை. "எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது மோனை. ஒரு வாய் குடிச்சால் ஒண்டும் செய்யாது" என்று அவர் தமது அனுபவத்தை எமது பிள்ளைக்கு வைத்தியமாக்குவார். அளவைக் குறைத்தால் அவருக்கு ஆபத்தில்லை என்பது உண்மை. எமது மகளுக்குக் கரண்டியின் நுனியிலே ஒட்டியிருப்பதும் போதும்.

"கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்" என்பது இன்னொரு கட்சி. கேசீன் அவ்வளவு எளிதிற் சூட்டுக்குப் பணிவதன்று. நன்கு வேகவைத்த கேக்கிலோ பிஸ்கற்றிலோ உள்ள பாலைத் தாங்கும் பிள்ளைகள் பலர் உண்டு என்பது மெய்யே. அதனைச் சோதித்துப் பார்க்கும் இடம் வைத்தியசாலைக் கட்டில், கலியாணப் பந்தல் அன்று. எமது மகளுக்கு 9 வயதில் அச்சோதனை நடந்தது. மூன்றாம் படியிலேயே நிறுத்தினார்கள்.

நெய்யைப் பற்றி ஒரு பெரியவர் எம்மோடு வாதிட்ட வாதம் கெட்டிக்காரத்தனமானது. வெண்ணெயை உருக்கும்போது புரதமெல்லாம் அடியிலே கசடாகித் தங்கிவிடுகிறதே, வடித்த நெய்யில் வெறுங் கொழுப்புத்தானே என்றார். பெரும்பகுதி தங்கிவிடும் என்பது சரி. முழுவதும் தங்கும் என்பதற்குப் பிணை நிற்பார் யார்? வடித்தவர் எவ்வளவு கவனமாக வடித்தார் என்பதை நெய்ப் போத்தல் சொல்லுமா? விஞ்ஞானத்தில் அவர் முக்காற்பங்கு வென்றார். மிகுதிக் காற்பங்கிலே எமது பிள்ளை நிற்கின்றாள்.

இனிக் கடைக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்திற் சாப்பாட்டுக் கடையொன்றில் நடந்த உரையாடல் இது; சிறு மாற்றங்களுடன் நூறு தடவை நடந்திருக்கும்.

"தம்பி, இந்தக் கறிக்குப் பால் விட்டிருக்கோ?"

"ஓம் அண்ணை, நல்ல தடிச்ச முதற்பால் விட்டுத்தான் இறக்கினது."

"தேங்காய்ப் பால்தானே? பசுப்பால் இல்லையே?"

"கறிக்கு ஆர் அண்ணை பசுப்பால் விடுறது!" என்று தம்பி சிரிப்பான்.

"அப்ப, சோத்துக்கு?"

"சோத்துக்குப் பால் விடுறேல்லை."

உண்மைதான். சோற்றுக்குப் பால் விடவில்லை. பட்டரில் வெங்காயம் வதக்கி, அதன்மேற் சோற்றைக் கொட்டிக் கிளறியிருந்தார்கள். தம்பி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னான். பட்டரும் பாலும் அவனுக்கு இரண்டு பண்டங்கள். பால் என்பது குவளையில் ஊற்றுவது. நெய், பட்டர், சீஸ், யோகட், பால்மா, ரின்பால் யாவும் தத்தம் பெயரோடு தனித்தனியே வாழ்கின்றன. அவற்றின் தாய் யாரென்று கடையில் யாரும் கேட்பதில்லை. ஆதலால் 'பால் இருக்கிறதா' என்ற கேள்வி நமது நாட்டிலே பயனற்ற கேள்வி. 'ஆம்' என்றால் பெரும்பாலும் தேங்காய்; 'இல்லை' என்றால் எதுவும் இருக்கலாம். பொருளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்பதன்றி வேறு வழி நாம் காணவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால் புதுமையான பல செய்திகள் வெளிவரும். மோர்மிளகாயைப் பலர் மிளகாயென்றே எண்ணுவர். மோரில் ஊறிக் காய்ந்தது என்பதைப் பெயரே பறையடித்துச் சொல்லியும் காதில் விழுவதில்லை. மாஜரீன் எண்ணெயிலிருந்து செய்வது என்பது பொதுவில் உண்மை, ஆயினும் சில வகைகளிற் பாலின் திண்மப் பொருளும் சேர்கின்றது. பேக்கரிப் பாணில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், பால்மா இருக்கவும் கூடும். பணிஸ் என்றால் நாம் கேட்பதுமில்லை. புரியாணி இறைச்சி தயிரில் ஊறியிருக்கும். சொசேஜ் போன்ற பொருள்களை ஒட்டச் செய்வதற்குக் கேசினேற்றுச் சேர்ப்பதுண்டு. கறுத்த சொக்கலேற் என்று நம்பி வாங்கியதன் பொதியிற் சின்னஞ்சிறு எழுத்திற் பால் ஒளிந்திருக்கும். எருமைத் தயிரும் ஆட்டுப்பாலும் 'பசுப்பால் அல்ல' என்ற நியாயத்தின்மேல் எமக்கு நீட்டப்பட்டதுண்டு. அப்பிராணிகளின் பாற்புரதம் பசுவினதற்கு மிக நெருங்கிய உறவு. எமது பிள்ளைக்கு மூன்றும் ஒன்றே.

சைவக் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மச்சம் மாமிசம் ஒவ்வாதவருக்கு அவை புகலிடம். எமக்கோ நாட்டிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுள் மிகவும் அச்சந் தருபவை அவைதாம். தோசையின்மேல் நெய், பருப்பின்மேல் நெய், கேசரியில் நெய், பால்கோவா, லட்டு, மோர், தயிர்வடை என்று கோமாதாவின் அருள் அங்கே பொங்கி வழிகின்றது. "தனிச் சைவம் அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்று முதலாளி ஆறுதல் சொல்லும்போது எமக்கு நெஞ்சு திடுக்கிடும். அதற்கு மாறாக, கடற்கரையோரத்து மீன்சாப்பாட்டுக் கடையில், சோறும் மீன்குழம்பும் சொதியும் சம்பலும் பெரும்பாலும் தேங்காயோடு நின்றுவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக மச்சம் தொடாத குடும்பத்திற் பிறந்த எமது தாயார், பேத்திக்குப் பாதுகாப்பான இடம் அதுவென்று கேட்டபோது அடைந்த மனக்கலக்கத்தை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

தேநீர்க் கடையிற் பிளேன் ரீ கேட்பதும் பிழைக்கும் வழியன்று. ரின்பால் தகரத்துள் இறங்கிய கரண்டிதான் வெறுந்தேநீரையும் கலக்கும். கொத்து ரொட்டிக் கடையில் இரும்புத் தட்டு ஒன்று. சீஸ் கொத்தும் சாதாரணக் கொத்தும் அடுத்தடுத்து அதன்மேல் ஆடுகின்றன. அந்த இரட்டைத் தகட்டின் தாளம் தெருமுனையிற் கேட்கும்போது மற்றவர்களுக்குப் பசியெடுக்கும். எமது மகள் அதைச் சங்கீதமாக மட்டும் கேட்கப் பழகிக்கொண்டாள்.

2021 ஆம், 2022 ஆம் ஆண்டுகளின் நெருக்கடிக் காலத்தைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வேடிக்கை சொல்லலாம். இறக்குமதிப் பால்மா கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றனர். கிடைத்ததும் விலை தாங்க முடியவில்லை. பால்தேநீரை நிறுத்திவிட்ட கடைகள் பல. பட்டரும் சீஸும் கண்ணிற்படவில்லை. ஊர் முழுவதும் துன்பப்பட்ட அந்தக் காலத்தில், கடைக்காரர் "பாலோ? எங்கை அண்ணை பால்!" என்று கைவிரித்தபோது எமது மகள் மட்டும் முகமலர்ந்து ஒரு கோப்பை வெறுந்தேநீர் வாங்கிக் குடித்தாள். தான் மகிழ்வது முறையோ என்று பின்னர் வந்து கேட்டாள்.

தென்பகுதிக்குச் சென்றால் மொழி மாறுகின்றதேயன்றிச் சிக்கல் மாறுவதில்லை. 'பொல்கிரி' என்றால் தேங்காய்ப் பால், 'எலகிரி' என்றால் பசுப்பால், 'கிரிபிட்டி' என்றால் பால்மா. இம்மூன்று சொற்களையும் எமது மகள் சிங்கள எழுத்துக்களைக் கற்பதற்கு முன்னரே கற்றுக்கொண்டாள். கண்டிக்குப் போகும் வழியில் ஒரு சிறு கடையில் மூதாட்டி ஒருத்தி இக்கேள்வியின் பொருளை உடனே விளங்கிக்கொண்டு, பிள்ளையை அடுப்படிக்கே அழைத்துச் சென்று, சட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அங்கே உண்டது பலாக்காய்க் கறியும் சோறும்.

சாப்பாட்டுக் கடையிலாவது பணம் கொடுக்கின்றோம். கேட்பதற்கு ஓர் உரிமை இருக்கின்றது. கலியாண வீட்டிலே அந்த உரிமையும் இல்லை. விருந்தினர் உண்ணாமற் போனால் வீட்டாரின் முகம் வாடும், சொந்தச் சாப்பாட்டைப் பொதிகட்டிக்கொண்டு போனாலோ, "எங்கடை வீட்டுச் சாப்பாட்டிலை என்ன குறை கண்டனியள்?" என்ற கேள்வி வாயால் வராவிட்டாலும் கண்ணால் வரும். நமது விருந்தோம்பலின் சிறப்பே வற்புறுத்தலில் இருக்கின்றது. இலையை மறித்துக் கைவைத்தாலும் விரலிடுக்கில் நெய்யை விட்டுவிடும் சாமர்த்தியசாலிகளை நாம் அறிவோம். ஒரு கலியாணத்தில் எமது மகளின் பெரியம்மா முறையான ஒருவர், மெய்யான அன்போடு, "ஒரு சொட்டு நெய் இல்லாமல் பருப்பு என்னெண்டு இறங்கும்?" என்று அகப்பையைச் சாய்த்தார். பிள்ளை இலையைவிட்டு எழுந்துவிட்டாள். பந்தியில் இருக்கும்போது எழுவது மரியாதையன்று என்று அருகிருந்தவர் முணுமுணுத்தார். அவளுக்கு அப்போது 11 வயது. அந்த வயதிற் பந்தி முழுவதும் தன்னைப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டு எழுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சிறுவயதில் எதற்காகவேனும் தனித்து நின்றவர் அறிவர்.

இப்போது நாம் ஒரு வாரம் முன்னரே வீட்டாரிடம் போய்ச் சொல்லிவிடுகின்றோம்: பிள்ளை வருவாள், வாழ்த்துவாள், வெற்றிலைத் தட்டம் எடுப்பாள்; உண்ணமாட்டாள். முன்னமே சொன்னால் மனவருத்தம் பாதியாகும். பெரும்பாலோர் நல்லவர்கள், சிலர் தேங்காய்ப்பாற் பாயசம் தனிச் சட்டியிற் காய்ச்சி வைத்திருப்பார்கள். அந்தச் சட்டியைப் பார்க்கும்போது எமது துணைவியாரின் கண் கலங்கும்; கலங்கிய கண்ணோடு, கிளறியது எந்த அகப்பை என்று கேட்கவும் செய்வார்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வேறொரு சோதனை. சுவாமி தரிசனம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கால் தாமாகவே ஐஸ்கிறீம் கடையை நோக்கி நடக்கும். கச்சான் விற்பவர் வரிசை எமக்கு வரப்பிரசாதம். சிறுவயதில் ஐஸ்பழம் கேட்டு அழுவாள். நிறத்தண்ணீர்தானே, அதிற் பால் ஏது என்று யாரும் நினைப்பார்கள். பாலைஸ் உறைந்த அச்சிலேயே அதுவும் உறைகின்றதா என்று கேட்டால் தள்ளுவண்டிக்காரர் பாவம், என்ன செய்வார்? கோயிலிலே அவ்வளவு கவலையில்லை. எமது ஊர்க் குருக்கள் ஐயா பஞ்சாமிர்தக் கிண்ணத்தைத் தொடுமுன் கையலம்பி, அவளுக்கென்று ஒரு வாழைப்பழத்தை எடுத்து வைத்துவிடுவார். அவரிடம் நாம் ஒருமுறைதான் சொன்னோம்.

இங்கேதான் இப்படி, வெளிநாட்டில் இவற்றுக்கெல்லாம் சட்டம் உண்டே என்று இலண்டனிலுள்ள உறவினர் சொல்வர். உண்டு. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருள்கள் உணவில் இருக்கின்றனவா என்பதை உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2014 டிசெம்பரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. பால் அவற்றுள் ஒன்று. அவ்விதி வந்த பின்னர்தான், 2017 ஏப்பிரல் 22 ஆம் நாள், ஓவன் கேரி என்னும் இளைஞன் தனது 18 ஆவது பிறந்தநாளை இலண்டன் உணவகமொன்றிற் கொண்டாடினான். அவனுக்குப் பால் ஒவ்வாது. தனது ஒவ்வாமையைப் பணியாளரிடம் தெரிவித்தான். கோழியிறைச்சி வைத்த பணிஸ் ஒன்றைத் தெரிந்தெடுத்தான். அந்த இறைச்சி மோரில் ஊறவைத்தது. உணவுப் பட்டியலில் மோரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. சிறிது உண்டதும் உதடு கூசிற்று, ஒரு மணித்தியாலம் கழியுமுன் தேம்ஸ் நதிக்கரையில் விழுந்தான், பிழைக்கவில்லை. 2019 இல் நடந்த மரண விசாரணையில், அவன் சொல்லியிருந்தான் என்பதும், அவனுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் உறுதியாயின.

ஓவன் இறந்த அதே 2017 ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில் பால் ஒவ்வாத 42 வயதுத் தாயொருவர் உயிரிழந்தார். அவர் உண்டது இறைச்சியுமன்று. மரக்கறி வைத்துச் சுற்றிய ரொட்டி. அதிலிருந்த யோகட், பசுப்பால் இன்றித் தேங்காயிலிருந்து செய்தது என்று விற்கப்பட்டது. அதிற் சேர்த்த மாப்பொருளொன்று, அது செய்யப்பட்ட தொழிற்சாலையிற் பாற்புரதத்தோடு கலந்துவிட்டிருந்தது. தேங்காய் என்ற சொல்லைக் கேட்டதும் இளைப்பாறும் எமது மனம் இச்செய்தியை வாசித்தபின் இளைப்பாறுவதை விட்டது. பிராணிப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை என்று கொழும்பிலே புதிதாகத் தோன்றும் 'வீகன்' கடைகளிலும் நாம் அதே கேள்விகளையே கேட்கின்றோம். அவர்களுடைய கொள்கை வேறு, எமது தேவை வேறு.

ஓவனின் குடும்பத்தார், ஒவ்வாமைப் பொருள்களை உணவுப் பட்டியலிலேயே எழுதவேண்டும் என்று சட்டங் கேட்டுப் போராடி வருகின்றனர். 2025 மார்ச்சில் அந்நாட்டு உணவுத்தர நிறுவனம், எழுத்திலும் தருக, வாய்மொழியாகவும் பேசுக என்று உணவகங்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டும் வேண்டும் என்றது எமக்குப் பிடித்தது.

இவ்வளவு கேட்டும் பிழை நேர்ந்தால் என் செய்வது? தடிப்புக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரையை நம்பி மூச்சுத் திணறலுக்குக் காத்திருக்கலாகாது. அதற்கு மருந்து அதிரினலின் ஊசி. வைத்தியர் குறித்துத் தந்த அளவில், தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி. பிள்ளையை எழுப்பி நடத்தக் கூடாது. கிடத்திக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினாற் சாய்ந்து இருக்கவிடலாம். ஊசி போட்டுத் தேறினாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆகவேண்டும், ஏனெனில் சில வேளை மணித்தியாலங்கள் கழித்து இரண்டாம் அலை வருவதுண்டு. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்கிற்கும் வந்த 1990 என்ற இலக்கத்து இலவச அம்புலன்ஸ் சேவையை எமது வீட்டுச் சிறுவர் அனைவரும் அறிவர். இவற்றைச் சாப்பாட்டு மேசையிற் பேசுவது மங்கலமன்று என்பார் உளர். வேறெந்த மேசையிற் பேசுவது?

திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையிலே சிறு கடையொன்று உண்டு. மூன்று மேசை, சுவரில் பழைய நாட்காட்டி. முதன்முறை சென்றபோது பரிமாறியவன் 18 வயது மதிக்கத்தக்க பையன். எமது கேள்வியைக் கேட்டுவிட்டு, "தெரியாது அண்ணை. பொறுங்கோ, குசினியிலை கேட்டுக்கொண்டு வாறன்" என்றான். நாம் உட்கார்ந்துவிட்டோம். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கடைகளில் 'இல்லை' என்று சிரித்த முகத்தோடு சொன்னவர்களைவிட, 'தெரியாது' என்ற இந்தப் பையன்மேல் எமக்கு நம்பிக்கை பிறந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 'இல்லை' என்பது நமது கடைகளின் இயல்பு. அந்த நல்லெண்ணத்துக்குத்தான் நாம் மிகவும் அஞ்சுகின்றோம்.

சமையற்காரர் தாமே துவாயிற் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளைக்கோ?" என்று அவளைப் பார்த்தார். பிறகு விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார். "சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, சம்பல் – இதெல்லாம் தேங்காய்ப் பால்தான், தாராளமாச் சாப்பிடலாம். பருப்புக்கு இண்டைக்கு நெய்யிலை தாளிச்சிருக்கு, அது வேண்டாம். வாழைக்காய்ப் பொரியலும் வேண்டாம்."

"பொரியலிலை என்ன ஐயா?" என்று எமது துணைவியார் வியப்போடு கேட்டார்.

"பொரியலிலை ஒண்டுமில்லைத் தங்கச்சி. அந்த எண்ணெயிலைதான் காலமை மோர்மிளகாய் பொரிச்சனான்."

எண்ணெயின் வரலாற்றைச் சொன்ன சமையற்காரரை நாம் அதுவரை கண்டதில்லை. அதன்பின் மாதத்தில் இரு ஞாயிறு அங்கேதான். கடையின் பெயரை எழுதி விளம்பரஞ் செய்தால் எமக்கு இடம் கிடையாமற் போகும் என்ற தன்னலத்தால் எழுதாது விடுகின்றோம்.

அண்மையில் எமது மகளின் வகுப்புத் தோழியர் எண்மர், பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் பட்டணத்துக் கடையொன்றிற் சேர்ந்து உண்பதென்று தீர்மானித்தனர். பெற்றோர் வரக்கூடாது என்பது தீர்மானத்தின் இரண்டாம் பிரிவு. அடுத்த மேசையில் வேற்றார்போல இருந்துகொள்வோமே என்று நாம் யோசனை தெரிவித்தோம், ஏற்கப்படவில்லை. எதிர்க்கடையில் நிற்கலாமே என்றோம், அதுவும் விழுந்தது. கொரியாவிலோ கனடாவிலோ படிக்கப் போகிறவள் போல அவளைப் படலைவரை சென்று வழியனுப்பினோம். பையில் ஊசி இருந்தது. எங்கே இருக்கின்றது, எப்படிப் போடுவது என்பதைத் தோழியருள் இருவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். நாம் கேட்காமலே அதைச் செய்திருந்தாள்.

இரண்டரை மணித்தியாலம் கழித்துத் திரும்பினாள். பொரித்த சோறு வேண்டாமென்றாளாம், பட்டர். இடியப்பமும் சொதியும் சம்பலும் உண்டாளாம். தோழியர் ஐஸ்கிறீம் எடுத்தபோது இவள் இளநீர் எடுத்தாளாம். கோபம் வரவில்லையா என்று தாயார் கேட்டதற்கு, "கொஞ்சம் வந்தது, பிறகு போட்டுது" என்றாள். அவ்வளவுதான் நாம் அறிந்தது. மற்றதெல்லாம் எண்மரின் இரகசியம்.

கடைகளிற் காட்டுவதற்காக அவளுக்கு 6 வயதில் நாம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று தொடங்கி, 'மிக்க நன்றி' என்று முடிவது. நடுவிலே ஆகாத பொருள்களின் பெயர்கள். அன்றிரவு அதைத் தன் கையால் மாற்றி எழுதினாள். மன்னிப்பை எடுத்துவிட்டாள். 'பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் பால் எனக்கு உயிராபத்து. தயிர், மோர், பட்டர், நெய், சீஸ், யோகட், பால்மா, ரின்பால் சேர்ந்தவை வேண்டாம். அவை பட்ட கரண்டியும் எண்ணெயும் வேண்டாம். தேங்காய்ப் பால் நல்லது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். நன்றியை விட்டுவைத்தாள். சிங்கள வரிகளை எழுதி முடித்தபின், 'எலகிரி' என்பதைத் தடித்த எழுத்தில் எழுதுவதா, 'பொல்கிரி' என்பதையா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. தோழி ஒருத்தியின் தாயார் சிங்கள ஆசிரியை, அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டாள். பத்துப் பிரதி எடுத்து ஒன்றைத் தன் பணப்பையிலும் ஒன்றைப் பாடசாலைப் பையிலும் வைத்திருக்கிறாள். எட்டுப் பிரதி அலுமாரியில் இருக்கின்றது.